டிரெய்லரில் லித்தியம் பேட்டரி: சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜீப்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு டிரெய்லரைக் கோத்துக்கொண்டு, கரண்ட் இணைப்பே இல்லாத ஒரு காப்பித் தோட்டத்தில் இரண்டு நாள் தங்கிவர ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "லித்தியம் பேட்டரி வெடிக்காதா?" என்பதுதான். நியாயமான பயம். மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்த செய்திகளை 2022-இல் எல்லாரும் படித்தோம். ஆனால் டிரெய்லருக்குச் சரியான ரகத்தை வாங்கினால், செல் தானாகப் பற்றிக்கொள்வது அபூர்வம். ஆபத்து பெரும்பாலும் செல்லுக்கு வெளியேதான் இருக்கிறது: மெல்லிய ஒயர், சரியாக நசுக்காத லக் (ஒயரின் நுனியில் மாட்டும் உலோக வளையம்), மலைப்பாதைக் குலுக்கலில் தளர்ந்த நட்டு, பொருந்தாத சார்ஜர். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது சூடு. அது எங்கே பிறக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த இடங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் பாதிப் பக்கம் பனியைப் பற்றி இருக்கும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக்கூடாது என்பது உண்மை. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். ஆனால் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில்கூட அந்தக் கவலை நமக்கு வராது. நம் பிரச்சினை அடிவாரத்தில் இருக்கிறது. மே மாதம் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, பூட்டி நிறுத்திய தகரப் பெட்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடும். நாம் வாங்கப்போகும் எல்.எஃப்.பி. என்ற லித்தியம் ரகத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் சார்ஜ் வரம்பு 45 டிகிரி. ஆகவே பனிக்கான பாடத்தை விட்டுவிட்டு வெயிலுக்கான பாடத்தைப் படிப்போம்.

எந்த பேட்டரி வாங்குவது

லித்தியத்தில் பல ரகம் உண்டு. லேப்டாப்பிலும் பல மின் வாகனங்களிலும் இருப்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. ரகம். எடை குறைவு, சக்தி அதிகம், ஆனால் கோபமும் அதிகம். நமக்கு வேண்டியது லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்.எஃப்.பி. கட்டுக்கடங்காமல் தானே சூடேறத் தொடங்கும் வெப்பநிலை என்.எம்.சி.க்கு ஏறக்குறைய 210 டிகிரி என்றால், எல்.எஃப்.பி.க்கு 270 டிகிரி அளவில் இருக்கிறது. அதற்காக இது எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மிகவும் சூடேறினால் இதிலிருந்தும் எரியக்கூடிய வாயுவும் நச்சுப் புகையும் வரும்.

கடையில் "லித்தியம்" என்று மட்டும் சொல்லி விற்றால், ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். எல்.எஃப்.பி. செல் ஒன்று 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8. அந்த எண் இருந்தால் சரி. 11.1 அல்லது 14.8 என்று இருந்தால் அது 3.7 வோல்ட் செல்களில் கட்டியது, அதாவது வேறு ரகம். பழைய ஸ்கூட்டர் பேக்கைப் பிரித்து மலிவாகக் கட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. படுத்துத் தூங்கும் இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்ற ஒரு சர்க்யூட் இருக்கும். ஏதாவது ஒரு செல் 3.65 வோல்ட்டுக்கு மேலே போனாலும், 2.5 வோல்ட் அளவுக்குக் கீழே இறங்கினாலும், சூடு வரம்பு மீறினாலும், அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தாலும் அது இணைப்பைத் துண்டிக்கும். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும்? சூட்டை அளக்கும் சென்சார் உண்டா? இரண்டுக்கும் அச்சிட்ட தாளில் பதில் இல்லாத பேட்டரியை வாங்காதீர்கள்.

எவ்வளவு வேண்டும்

ஒரு சின்னக் குடும்பத்துக்கு, ஒரு நாளைக்கு, தோராயமாகக் கணக்குப் போடலாம். கம்ப்ரஸர் வைத்த சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 500 வாட்-அவர். எல்.இ.டி. விளக்குகள் 100. கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், 8 மணி நேரத்துக்கு 240. போன்கள் 60. லேப்டாப் 3 மணி நேரம் என்றால் 180. தேங்காய்ச் சட்னிக்கும் சாம்பார்ப் பொடிக்கும் மிக்ஸி 600 வாட்டில் 10 நிமிடம் ஓடினால் 100. மொத்தம் 1,180 வாட்-அவர்.

100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று 12.8 வோல்ட்டில் 1,280 வாட்-அவர் தரும். அதில் 80 சதவீதத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 1,024. ஒரு நாளைக்கே போதவில்லை. ஏற்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் சோலார் பேனலை நம்ப முடியாது. ஆகவே 200 ஆம்பியர்-அவர் என்பதே என் பரிந்துரை. ஒன்றரை நாளுக்குமேல் தாங்கும், மேலே ஏறும்போது வண்டியே கொஞ்சம் சார்ஜ் தந்துவிடும்.

இண்டக்ஷன் அடுப்பு? 1,500 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 130 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் சமையலைக் கேஸில் வைத்துக்கொள்வதே நல்லது. பேட்டரி, ஒயர், ஃபியூஸ் எல்லாம் ஒரு படி சிறிதாகிவிடும். சூடும் அப்படியே குறையும்.

பேட்டரி உட்காரும் இடம்

100 ஆம்பியர்-அவர் எல்.எஃப்.பி. பேட்டரி 11, 12 கிலோ இருக்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் ட்யூபுலர் பேட்டரியைத் தூக்கிப் பழகியவர்களுக்கு இது பொம்மை எடை. ஆனாலும் சேலத்திலிருந்து மேலே ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் அந்த 12 கிலோ பக்கவாட்டில் நகரப் பார்க்கும். அடியில் இரும்புக் கோணத்தில் ஒரு தொட்டில் வைத்து, சேசிஸில் போல்ட் போட்டு, மேலே பட்டையால் இறுக்குங்கள். வெறும் ரப்பர் ஷீட் மேல் வைத்து நாடாவால் கட்டுவது போதாது. அச்சுக்கு மேலோ, சற்று முன்னாலோ, தரையோடு தாழ்வாக இருக்கட்டும். பின்கோடியில் எடை ஏறினால் டிரெய்லர் வாலாட்டும், இறக்கத்தில் அது பயங்கரம்.

வெயில் நேரடியாகப் படும் சுவரோடு ஒட்ட வைக்கக்கூடாது. ஃபிரிட்ஜின் சூடான காற்று வெளியேறும் பக்கமும் கூடாது. சுற்றிலும் இரண்டு விரல்கிடை இடைவெளி விட்டு, வெளிக்காற்று வந்துபோக வழி வையுங்கள். படுக்கைக்கு அடியில்தான் இடம் இருக்கிறது என்றால், படுக்கும் அறைக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் நடுவே மூடிய தடுப்பு இருக்க வேண்டும், பெட்டியின் காற்றுவழி வண்டிக்கு வெளியே திறக்க வேண்டும்.

கேஸ் சிலிண்டரைப் பேட்டரி இருக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். நாம் பேட்டரியையும் தாழ்வாகத்தான் வைக்கிறோம். ஒரு ரிலே போடும் சின்னத் தீப்பொறி போதும். சிலிண்டருக்குத் தனி அறை, அதன் அடியில் வெளியே திறக்கும் துளை. இதில் சமாதானமே கிடையாது.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. டிரெய்லரைக் கட்டத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்பது வீண் செலவில் முடியும்.

ஃபியூஸ், ஒயர், நட்டு

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் இது சரியாக இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

பேட்டரி விற்பவர்களில் சிலர் இப்படிச் சொல்வார்கள்: "உள்ளேயே பி.எம்.எஸ். இருக்குதுங்க, அப்புறம் எதுக்குங்க தனியா ஃபியூஸ்?" இதற்கு இரண்டு பதில் உண்டு. பி.எம்.எஸ். துண்டிப்பது மாஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்சுகளால். அவை கெட்டுப்போகும்போது பல நேரம் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், துண்டிக்காது. இரண்டாவது, 100 ஆம்பியர் பி.எம்.எஸ்.ஸுக்கு நீங்கள் விளக்குக்கு இழுத்த ஒயர் எவ்வளவு மெல்லியது என்று தெரியாது. அதில் 90 ஆம்பியர் பாய்ந்தாலும் தன் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று விட்டுவிடும். ஒயர் அதற்குள் சிவந்திருக்கும். பி.எம்.எஸ். காப்பது பேட்டரியை. ஒயரைக் காப்பது ஃபியூஸ்.

முதன்மை ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஏனென்றால் முனைக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள ஒயரைக் காக்க எதுவும் இல்லை. எல்.எஃப்.பி. பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு. நேரடியாக ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். கார் ஆடியோவுக்கு விற்கும் சாதாரண ஃபியூஸ் உருகினாலும், உருகிய இடைவெளியில் நெருப்பு வில் நின்று தொடர்ந்து மின்சாரம் கடத்தலாம். அதனால் ஃபியூஸில் இரண்டு எண்களைப் பாருங்கள்: எத்தனை ஆம்பியரில் உருகும் என்பது ஒன்று, எத்தனை ஆம்பியர் வரை பத்திரமாகத் துண்டிக்கும் என்பது இன்னொன்று. கிளாஸ் டி (Class T) வகை 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும். பேட்டரி முனையிலேயே மாட்டும் எம்.ஆர்.பி.எஃப். வகை 12 வோல்ட் அமைப்பில் 10,000 வரை. இந்த இரண்டில் ஒன்றை வாங்குங்கள். ஆன்லைனில் வரவழைக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

1,000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடினால் 90 முதல் 95 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 35 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், 125 ஆம்பியர் ஃபியூஸ். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு மீட்டருக்குள் வையுங்கள். நீளமாக இழுக்க வேண்டியது 230 வோல்ட் பக்கத்து ஒயரைத்தான். விளக்கு, போன் சார்ஜர் போன்றவற்றுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். போதும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனியாக 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் இருக்கட்டும்.

சேலத்தில் வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, வெல்டிங் கேபிள் எளிதாகக் கிடைக்கும். நன்றாக வளையும், நம் வேலைக்கும் பொருந்தும். ஆனால் அதிலே அலுமினியக் கேபிளும் விற்கிறார்கள், அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியதும் சந்தையில் உண்டு. வாங்கும் முன் நுனியில் ஒரு இழையைப் பிளேடால் சீவுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்குவதும் கூடாது. பேனல் போர்டு செய்யும் பட்டறையில் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி இருக்கும். ஒயரை அளவு வெட்டிக்கொண்டு போனால் நசுக்கித் தந்துவிடுவார்கள்.

இனி நட்டு. ஒரு இணைப்பில் தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டரில் அது பூஜ்ஜியமாகத்தான் தெரியும். அதில் 100 ஆம்பியர் பாய்ந்தால் அந்த ஒரே புள்ளியில் 100 வாட் சூடு பிறக்கும். எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் நான்கை ஒரே நட்டின் மேல் வைத்துப் பிடித்ததற்குச் சமம். பேட்டரி முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகிக் கிடக்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், காரணம் செல் என்று எண்ணுவதற்கு முன் அந்த நட்டைச் சந்தேகப்படுங்கள்.

லக் பேட்டரி முனையின் மேல் நேராக உட்கார வேண்டும். வாஷர் லக்குக்கு மேலே வரும், நடுவே வரவே கூடாது. ஸ்பிரிங் வாஷரோ நைலான் நட்டோ போட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மலையேறி இறங்கியதும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும்; ஒவ்வொன்றையும் திருகிப் பார்க்க வேண்டியதில்லை.

வேலை செய்யும்போது மோதிரம், செயின், இரும்புப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால் இரண்டு முனைக்கும் நடுவே மாட்டிய மோதிரம் விரலோடு பழுத்துவிடும். ஸ்பேனரின் கைப்பிடியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டு டி.பி. பாக்ஸில் இருக்கும் ஏ.சி. எம்.சி.பி.யை (அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சை) பேட்டரிப் பக்கம் போடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. கூடாது. வீட்டு மின்சாரம் ஒரு வினாடியில் 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு மீள்கிறது. சுவிட்ச் திறக்கும்போது எழும் நெருப்பு வில் அந்த நொடியில் அணைந்துவிடும். பேட்டரி தரும் டி.சி.யில் அந்தப் பூஜ்ஜியமே இல்லை, வில் தொடர்ந்து எரியும். டி.சி.க்கு என்று அச்சிட்ட எம்.சி.பி.யைத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு பேட்டரிகளை இணையாகச் சேர்ப்பதானால் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நேரத்தில் வாங்கியதாக இருக்கட்டும். இரண்டையும் தனித்தனியே முழுச் சார்ஜ் செய்த பிறகே சேர்க்க வேண்டும். பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாவதிலிருந்தும் எடுங்கள். அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும்.

சார்ஜ் ஏற்றும் மூன்று வழிகள்

முதலில் இழுத்துச் செல்லும் வண்டி. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரடியாக ஒரு ஒயரை இழுத்து லித்தியம் பேட்டரியில் மாட்டுவது மிகத் தவறு. லெட் ஆசிட் பேட்டரி நிறைய நிறைய இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கிட்டத்தட்ட நிறையும் வரை கிடைத்ததெல்லாம் வேண்டும் என்று இழுக்கும். மலைப்பாதையில் மெல்ல ஏறும்போது எஞ்சின் சூடு அதிகம், உள்ளே வரும் காற்று குறைவு, ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிப்போகும். அதோடு, பேட்டரி நிறைந்ததும் பி.எம்.எஸ். சட்டென்று துண்டித்தால் வோல்டேஜ் ஒரு கணம் தாவும். ஆல்டர்னேட்டரின் டயோடுகளோ வண்டியின் மின்னணுப் பாகங்களோ அடிபடலாம்.

இதற்குத் தீர்வு, வண்டியிலிருந்து அளவோடு மட்டும் இழுத்து லித்தியத்துக்கு ஏற்ற வோல்டேஜில் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர். 30 ஆம்பியர் போதும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், டிரெய்லரோடு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 30 ஆம்பியர்-அவர் ஏறிவிடும். ஃபிரிட்ஜின் ஒரு நாள் செலவில் முக்கால் பங்கு அது. சார்ஜரை டிரெய்லருக்குள், பேட்டரிக்கு அருகில் வையுங்கள். ஒயரின் இரண்டு முனையிலும், அதாவது வண்டியின் பேட்டரிப் பக்கத்திலும் டிரெய்லர் பேட்டரிப் பக்கத்திலும், ஃபியூஸ் வேண்டும். இரண்டுமே மின்சாரம் தரும் முனைகள்தான். முன் பானட்டிலிருந்து டிரெய்லர் வரை 6 மீட்டர் என்றால் போகவர 12 மீட்டர். அதற்கு 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர் போட்டால் 35 ஆம்பியரில் 2 வோல்ட் வழியிலேயே தொலையும், 70 வாட் ஒயரைச் சூடேற்றும். 16 ஸ்கொயர் எம்.எம். போட்டால் அரை வோல்ட்டில் முடிந்துவிடும். டிரெய்லரின் விளக்குக்கான ஏழு முனைப் பிளக்கில் இதைக் கோக்க வேண்டாம். அதிக கரண்டுக்கென்றே வரும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் கனெக்டர் தனியாகப் போடுங்கள்.

இரண்டாவது சோலார். ஏற்காட்டில் நல்ல இடம் எல்லாமே சில்வர் ஓக் நிழலில்தான் இருக்கும். வண்டியை நிழலில் நிறுத்தி, பேனலை மட்டும் வெயிலுக்கு எடுத்துப்போவதே என் விருப்பம்: 10 மீட்டர் நீளத்துக்கு 6 ஸ்கொயர் எம்.எம். சோலார் ஒயர், மடக்குக் கால் வைத்த பேனல். பேட்டரியும் குளிர்ந்திருக்கும், பேனலும் உழைக்கும். கூரையிலேயே பதித்துவிட்டால் பேனலுக்காக வண்டியையும் பேட்டரியையும் வெயிலில் காய வைக்க வேண்டிவரும்.

குளிர் நமக்குக் கவலை இல்லை என்று மேலே சொன்னேன், பேனலில் மட்டும் அது கணக்குக்கு வருகிறது. குளிர்ந்தால் பேனலின் வோல்டேஜ் ஏறும். பேனல் ஸ்டிக்கரில் இருக்கும் எண் 25 டிகிரிக்கு உரியது. அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் கூடும். 49.5 வோல்ட் பேனல் இரண்டைத் தொடராகக் கோத்தால் 99 வோல்ட். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜை ஒழுங்குபடுத்தும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரில், 100 வோல்ட் வரை தாங்குவதில், மாட்டினால் சேலத்து வெயிலில் எதுவும் ஆகாது. 12 டிகிரி இருக்கும் ஒரு மார்கழிக் காலையில், ஏற்காட்டு நாகலூரில் பனி விலகிச் சூரியன் பட்டதும் 102, 103 வோல்ட் ஏறி கன்ட்ரோலர் போய்விடும். குறைந்தது 20 சதவீதம் இடைவெளி விட்டு வாங்குங்கள். மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

மூன்றாவது வீட்டுக் கரண்ட். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய இன்வெர்ட்டரை டிரெய்லருக்குக் கொண்டுபோவது பலருக்கும் தோன்றும் யோசனை. அது ட்யூபுலர் பேட்டரிக்காகச் செய்தது. சல்பேட் நீக்குவதற்காகச் சில மாடல்கள் 15 வோல்ட்டுக்கு மேலே ஏற்றும். லித்தியத்துக்கு அது ஆகாது. சார்ஜ் வோல்டேஜ் 14.2 முதல் 14.4-க்குள், நிறைந்த பிறகு தாங்கிப் பிடிக்கும் ஃப்ளோட் வோல்டேஜ் 13.5 அளவில் அமைக்க முடிகிற, எல்.எஃப்.பி. என்று தனித் தேர்வு இருக்கிற சார்ஜர் வேண்டும்.

230 வோல்ட் பக்கம்

பேட்டரிக்குப் பயந்துகொண்டே இருப்பதில் இன்வெர்ட்டரின் வெளிப்பக்கம் உயிரெடுக்கும் 230 வோல்ட் என்பதை மறந்துவிடுகிறோம். டிரெய்லர் முழுக்கத் தகரம், தரை ஈரம். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல சின்ன இன்வெர்ட்டர்களில் நியூட்ரல் எதோடும் இணையாமல் மிதந்துகொண்டிருக்கும். அப்படி இருந்தால் ஆர்.சி.சி.பி. மாட்டியிருந்தும் கசிவு ஏற்படும்போது விழாது. நியூட்ரலை வண்டியின் உடலோடு ஒரே ஒரு இடத்தில் இணைக்க வேண்டும், அதையும் இன்வெர்ட்டரின் கையேடு அனுமதித்தால்தான். எஸ்டேட் வீட்டிலிருந்து கரண்ட் எடுக்கும்போது அந்த இணைப்பு விலகிவிட வேண்டும். இதை மட்டும் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு சோதனை

மலைக்குப் போய் முதல் தடவையாகச் சுவிட்சைப் போடாதீர்கள். வீட்டு வாசலிலேயே இன்வெர்ட்டரில் 700 வாட் ரைஸ் குக்கரையோ இஸ்திரிப் பெட்டியையோ மாட்டி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். 300 ரூபாய் மல்டிமீட்டரைவிட, தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இங்கே அதிகம் உதவும். ஒவ்வொரு லக், ஃபியூஸ் முனை, சுவிட்ச் முனையாகப் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது தப்பாகக் காட்டும், அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு அளந்து பாருங்கள். சுற்றியிருக்கும் ஒயரைவிட ஒரு இணைப்பு மட்டும் 10, 15 டிகிரி கூடுதலாக இருந்தால் அங்கே கோளாறு. எல்லாவற்றையும் அணைத்து, கழற்றித் துடைத்து மறுபடியும் இறுக்குங்கள்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று வோல்ட் மீட்டரைப் பார்த்துக் கணிக்க முடியாது. 90 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் எல்.எஃப்.பி. ஏறக்குறைய 13 சொச்சம் வோல்ட்டே காட்டும். நெகட்டிவ் ஒயரில் ஷன்ட் (பாயும் கரண்டை அளக்க உதவும் சின்ன உலோகத் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் போடுங்கள். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அது எண்ணிச் சொல்லும்.

மேலே தங்கும்போது

காட்டு எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நிறுத்தாதீர்கள். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு அவர் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். வண்டியின் மூக்கு வெளியே போகும் வழியைப் பார்த்து இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் மாலை இடிமழை வரும். மேகம் கருக்கும்போதே பேனலைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். மூடுபனி இரவுகளில் தகரத்தின் உட்புறம் வியர்க்கும். பேட்டரி முனைகளுக்கு மேலே அந்த நீர் சொட்டாதபடி ஒரு மூடி வேண்டும்.

வழியில் சேலத்தில் சாப்பிட நிறுத்தினால் மர நிழல் தேடுங்கள். வெயிலில் நின்ற வண்டிக்குள் சார்ஜ் நின்றுபோயிருந்தால் அது கோளாறு அல்ல. பி.எம்.எஸ். சூட்டைப் பார்த்து நிறுத்தியிருக்கும். கதவைத் திறந்து காற்று விட்டு, ஆறிய பிறகு தானே தொடங்கும். பி.எம்.எஸ். மறுபடி மறுபடி துண்டித்தால் மட்டும், காரணம் தெரியாமல் ரீசெட் செய்துகொண்டே இருக்காதீர்கள்.

புகை வந்தால்

பேட்டரி உப்பியிருந்தாலோ, நெயில் பாலிஷ் வாடை போல இனிப்பாக ஏதாவது மணந்தாலோ, சீறும் சத்தம் கேட்டாலோ உடனே எல்லாரும் வெளியேறுங்கள். சாமான் எடுக்க யாரும் திரும்பி உள்ளே போகக்கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்தில் நெருப்பு நெருங்குவதற்கு முன்பே புகை முந்திவிடுகிறது. அதனால் டிரெய்லருக்குள் புகை அலாரமும் கேஸ் அலாரமும் வாங்குங்கள். இரண்டாவது வெளியேறும் வழியாக, உள்ளிருந்து எளிதில் திறக்கும் ஒரு ஜன்னலும் வேண்டும்.

ஒயரில் சின்னதாகப் பற்றினால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏ.பி.சி. பவுடர் அணைப்பானைப் பயன்படுத்தலாம். மெயின் சுவிட்சும் அணைப்பானும் கதவுக்குப் பக்கத்தில், வெளியே நின்றே எட்டும்படி இருக்க வேண்டும். பேட்டரியே எரிந்தால் பவுடர் சுடரை அடக்கும், சூட்டை ஆற்றாது, மறுபடி பற்றும். அதை ஆற்ற நிறையத் தண்ணீர் வேண்டும், அது தீயணைப்புத் துறையின் வேலை. 101 அல்லது 112-ஐ அழைத்து, லித்தியம் பேட்டரி என்றும் கேஸ் சிலிண்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். புகை உங்கள் மேல் வராதபடி, காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, தூரமாக நில்லுங்கள்.

வீடு திரும்பியதும்

மார்க்கர் கோடுகளைப் பார்த்து விலகிய நட்டுகளை இறுக்குங்கள். சில வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியை 50, 60 சதவீதத்தில் விட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். முழுச் சார்ஜில், கோடை வெயிலில் மாதக்கணக்கில் கிடப்பதுதான் அதன் ஆயுளைத் தின்னும். சித்திரை மாதம் முழுக்க வண்டி மொட்டை வெயிலில் நிற்கும் நிலை என்றால், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள்; வெளியேறும் கதவை மறிக்காத இடமாக இருக்கட்டும். பல ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய இடத்திலேயே கேட்டு, முனைகளை டேப்பால் மூடி ஒப்படையுங்கள்.